ஒலிபெருக்கி வைக்க அனுமதி வேண்டி

மைக்கை அவர் ஊதிப் பார்ப்பதில்லை. 'அலோ, அலோ' என்று கத்துவதுமில்லை. சுண்டுவிரல் நகத்தால் அதன் வலைமேல் ஒரு முறை கீறுவார். பிறகு தெருக் கடைசி வரை நடந்துபோய், குழாய் ஸ்பீக்கருக்கு முதுகைக் காட்டி நிற்பார். எந்த வீட்டில் கைக்குழந்தை, எந்த வீட்டில் படுத்த படுக்கையாக ஆள், எந்த வீட்டில் பத்தாம் வகுப்புப் பரீட்சை என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். திரும்பி வந்து ஆம்ப்ளிஃபயர் திருகைக் கொஞ்சம் குறைப்பார். "சவுண்டு காதுல வியணும். ஊட்டுக்குள்ள வந்து குந்தக்கூடாது" என்பார்.

செங்கல்வராயனுக்கு ஐம்பத்தெட்டு வயது. திருமுல்லைவாயில் ரயில் கேட்டுக்கு அந்தப் பக்கம் ஓட்டு வீடு. சட்டைப் பையில் எப்போதும் ஒரு டெஸ்டர், ஒரு பேனா. எர்த் கம்பி அடித்த இடத்தில் தான் குடித்த தண்ணீரில் மிச்சத்தை ஊற்றுவார். "அதுக்கும் தாகம் எடுக்கும்பா." ஈரம் இருந்தால்தான் எர்த் நன்றாக வேலை செய்யும். அதை நான் பாலிடெக்னிக்கில் ஒரு பருவம் முழுக்கப் படித்தேன்.

பேனா மனு எழுதுவதற்கு. மைக் செட் வைக்க ஒவ்வொரு தடவையும் காவல் நிலையத்தில் அனுமதி வாங்க வேண்டும். காதுகுத்து, ஆடிக் கூழ், கட்சிக் கூட்டம், கருமாதி எதுவானாலும் சரி. எத்தனை குழாய், எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை என்று எழுதி, 'எவர் மனமும் புண்படாது' என்று முடித்து, கீழே கையெழுத்துப் போடுவார். முத்திரை குத்தி வரும் கடிதங்களைக் கம்பியில் குத்தி வைத்திருக்கிறார். 1974-லிருந்து ஆயிரத்துச் சொச்சம். தன் மகள் பேபியின் மஞ்சள் நீராட்டுக்கும் அவர் மனு எழுதினார். விழா நடத்துபவர் செங்கல்வராயன். மைக் செட் உரிமையாளர் செங்கல்வராயன். நிலையத்தில் சிரித்தார்களாம். "என் ஊட்டு விசேசத்துக்கு நானே எனக்கு ஜாமீன் நின்னேம்பா" என்று அவரும் சிரிப்பார்.

அவர் என் அப்பாவின் சிநேகிதர். அப்பா உலகநாதன் அம்பத்தூரில் ஒரு தொழிற்சாலையில் ஃபிட்டராக இருந்தார். போன மாதம் இறந்துவிட்டார்.

நான் மஸ்கட்டில் வேலை செய்கிறேன். பிரஷர் கேஜ்கள் சரியாகக் காட்டுகின்றனவா என்று சோதிப்பது என் வேலை. இந்த முறை ஊருக்கு வரும்போது விமானத்தில் ஒரு பத்திரிகை கிடைத்தது. மாநிலங்களுக்கு மதிப்பெண் போட்டிருந்தார்கள். தொழில் செய்ய எவ்வளவு சுதந்திரம், பேச எவ்வளவு, கூட்டம் போட எவ்வளவு என்று தனித்தனிக் கட்டங்கள். நம் மாநிலம் நடுவில் எங்கோ இருந்தது. எந்தக் கருவியால் அளந்தார்கள் என்று போடவில்லை. என்னைக் கேட்டிருந்தால் செங்கல்வராயன் வீட்டுக் கம்பியைக் காட்டியிருப்பேன். அதில் கடைசிக் கடிதம் 1992 ஜனவரியோடு நிற்கிறது. அது அங்கே நின்றதற்கு என் கையெழுத்தும் ஒரு காரணம்.

அந்த ஆண்டு பிப்ரவரியில் அப்பாவின் தொழிற்சாலையைப் பூட்டினார்கள். வாசலில் கூட்டம் போட அப்பா மைக் கேட்டார். செங்கல்வராயன் வழக்கம்போல மனு கொடுத்தார். நிலையத்தில் முடியாது என்று சொல்லவில்லை, சரி என்றும் சொல்லவில்லை. நாலு நாள் நடந்தார். ஐந்தாம் நாள் கூட்டம். தொழில் தொடங்கியதிலிருந்து முதல்முறையாகக் கடிதம் இல்லாமல் குழாய் கட்டினார். "தெனம் பாட்டு போடறவன், ஒரு நாளு பேச்சு போட்டா இன்னா?" என்றாராம்.

இருபது நிமிடம் பேச்சு நடந்தது. ஆம்ப்ளிஃபயர், இரண்டு குழாய், மைக் எல்லாவற்றையும் போலீஸ்காரர்கள் ஜீப்பில் ஏற்றினார்கள்.

கைப்பற்றிய பொருளுக்கு மகஜர் எழுதும்போது உள்ளூர்க்காரர் இருவர் சாட்சிக் கையெழுத்துப் போட வேண்டும். என் பாஸ்போர்ட் விசாரணை அப்போது அதே நிலையத்தில் இருந்தது. ஏட்டு என்னைக் கூப்பிட்டு உட்கார வைத்தார். ஒரு தாளை என் பக்கம் தள்ளினார்.

"பாஸ்போர்ட் என்கொயரி வந்துகீதுப்பா. நல்ல பையன்னு எய்தி அனுப்பணும். அதுக்கு முன்னாடி இதுல ஒரு கையெயுத்து போடு."

தாளில் ஒன்றும் இல்லை. "எங்க சார் போடணும்?" என்று கேட்டேன். எதற்கு என்று கேட்கவில்லை. அவர் விரல் வைத்த இடத்தில் போட்டேன். பதினெட்டாம் நாள் பாஸ்போர்ட் வந்தது.

அந்தத் தாளில் பின்னால் எழுதியது இது: செங்கல்வராயன் தானே மைக்கைப் பிடித்து, காவலர்களை ஆபாசமாகத் திட்டி, கல்லெறியத் தூண்டினார். சாட்சி, உலகநாதன் மகன் தேவராஜ். அந்த நேரத்தில் செங்கல்வராயன் தெருக் கடைசியில் நின்று சத்தம் பார்த்துக்கொண்டிருந்தாராம். மைக்கில் அவர் ஒரு வார்த்தைகூடப் பேசி நான் கேட்டதில்லை.

வழக்கு முடியும்வரை அவர் பேரில் அனுமதி இல்லை என்றுவிட்டார்கள். சாட்சி வெளிநாட்டில் இருந்ததால் வழக்கு ஐந்து வருடமாக முடியவில்லை. இன்று அவர் எத்திராஜ் என்பவரின் மைக் செட்டுக்குக் குழாய் தூக்குகிறார். மரம் ஏறிக் கட்டுகிறார். இப்போதும் தெருக் கடைசி வரை போய் நிற்கிறார். திருகு எத்திராஜ் கையில். இவர் வந்து சொன்னால் எத்திராஜ் சில நாள் குறைப்பார், சில நாள் மாட்டார்.

அப்பா எனக்கு மாதம் ஒரு கடிதம் எழுதுவார். மழை, அம்மாவின் சர்க்கரை, பக்கத்து மனையில் வீடு எழும்பியது. கடைசி வரி சில மாதம் இப்படி இருக்கும்: 'செங்கல்வராயன் கேஸ் தள்ளிவைப்பு.' அடுத்த வாய்தாத் தேதியும் இருக்கும். வா என்று ஒரு தடவையும் எழுதவில்லை. அந்த வரிக்கு நான் ஒரு தடவையும் பதில் எழுதவில்லை.

காரியம் முடிந்த மறுநாள் அவர் வீட்டுக்குப் போனேன். மிக்சி மோட்டார் ஒன்றைப் பிரித்து வைத்திருந்தார். அவர் மனைவி தாயம்மாள் ரவிக்கைகளுக்கு ஹூக் தைத்துக்கொண்டிருந்தார்.

"வா நைனா. இன்னா, மூஞ்சி இப்டி வத்திப் பூச்சு? துன்னியா இல்லியா?"

"மாமா, நான் கையெழுத்துப் போட்டப்ப அந்தப் பேப்பர்ல ஒண்ணும் எழுதியிருக்கலை."

"தெரியும்."

"எப்படி?"

"கோர்ட்ல காப்பி குட்த்தாங்கள்ல. மேல எய்த்து நல்லா பெர்சு பெர்சா கீது. உன் கையெயுத்தாண்ட வரவர எடம் பத்தல. எறும்பு மாரி நெருக்கி நெருக்கி எய்திக்கீறாங்க. படிச்ச புள்ள, கொஞ்சம் கீய தள்ளிப் போட்டிருக்கலாம்." சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

"அப்பா பாத்தாரா?"

"நான்தான் காட்னேன்."

"என்ன சொன்னார்?"

"கண்ணாடியக் கயட்டித் தொடச்சிகினே இருந்தான்."

பதினெட்டாம் தேதி பூந்தமல்லி கோர்ட்டில் வாய்தா என்றார். எனக்குப் பதினைந்தாம் தேதி டிக்கெட். தள்ளிப் போடுகிறேன், உண்மையைச் சொல்லிவிடுகிறேன் என்றேன்.

தாயம்மாள் நூலைப் பல்லால் கடித்தார். "நீ சொல்லிட்டு ஏரோப்ளேன் ஏறிப் பூடுவ சாமி. நாளிக்கு ஏட்டு எங்க ஊட்டு வாசல்லதான வந்து நிப்பாரு?"

"சும்மா இரும்மே. அப்பனுக்குக் கொள்ளி வச்சிட்டு வந்துகீது புள்ள."

"இல்லாததயா சொல்றேன்? அடுத்தவன் கொயாயத் தூக்கி உனக்குப் பயகிப் பூச்சு. அப்டியே கெடயேன்."

அவர் மோட்டாரைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "ஆம்ப்ளிஃபயரு இந்நேரம் துரு புடிச்சிருக்கும். அது போவட்டும். பர்மிசன் கட்தாசில என் பேரு வந்தா போதும் நைனா."

பதினெட்டாம் தேதி அவர் இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில் வந்திருந்தார். குற்றவாளிக் கூண்டில் ஏறும்போது செருப்பைக் கழற்றி விட்டார். யாரும் கழற்றச் சொல்லவில்லை.

எதிர்க் கூண்டில் நான். இது உங்கள் கையெழுத்தா என்று கேட்டார்கள். ஆமாம் என்றேன். என்ன பார்த்தீர்கள் என்று கேட்டார்கள். சொன்னேன். மாஜிஸ்திரேட்டுக்குக் கேட்கவில்லை.

"சத்தமா சொல்லுங்க."

"நான் எதையும் பார்க்கலை சார். அந்த இடத்துல நான் இல்லை. வெறும் தாள்ல கையெழுத்துப் போட்டேன்."

"வெறும் தாள்ல ஏன் போட்டீங்க?"

"பாஸ்போர்ட்டுக்காக."

டைப்ரைட்டர் அந்தச் சொல்லை அடித்துவிட்டு நின்றது. நான் செங்கல்வராயனைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. கூண்டுக் கம்பியிலிருந்து கையை எடுத்து, மெல்லத் திரும்பி, கதவோரம் நின்றிருந்த அதே ஏட்டைப் பார்த்து இரண்டு கைகளையும் கூப்பினார்.