டவர் அடியில் ஒரு ஜோடிச் செருப்பு

பாபநாசம் மலையிலிருந்து பள்ளத்தாக்கு வழியாக இறங்கும் உயர் அழுத்த மின்பாதையைப் புதுப்பிக்கிற வேலையில் இரண்டு மழைக்காலம் இருந்தேன். டவரில் ஏறுகிற ஆள் இல்லை, கீழே நிற்கிற ஆள். கயிறு இழுப்பேன், சாமான் எண்ணுவேன், அண்ணாந்து பார்த்துக்கொண்டே இருப்பேன். ஏறுகிறவர்களில் ஒருவன் என் மனைவியின் தம்பி. களக்காட்டில் வாழைத்தார் சுமந்துகொண்டிருந்தவனை இந்த வேலைக்குக் கூட்டி வந்தது நான்தான். அதனால் அவன் மேலே இருக்கிற நேரமெல்லாம் எனக்குச் சோறு இறங்காது.

பழைய கம்பி இனி வரப்போகும் மின்சாரத்தைத் தாங்காது என்று தடித்த கம்பி போட முடிவாகியிருந்தது. அதற்கு முன்னால் ஒவ்வொரு டவரிலும் கம்பியைப் பிடித்துத் தொங்கும் பீங்கான் வட்டுகளை மாற்றியாக வேண்டும். வட்டு கழன்றுவிடாமல் ஒரு பின்னைச் செருகி அதன் முனையை விரித்துவிட வேண்டும். காலையில் மின்சாரத்தை நிறுத்துவார்கள். இருட்டுவதற்குள் திரும்ப விட வேண்டும். எங்கள் ஃபோர்மன் அண்ணாச்சி துணைமின் நிலையத்துக்குப் போன் போட்டு, “ஆளெல்லாம் எறங்கியாச்சு, லைனைத் திருப்பித் தாரேன்” என்று சொன்னால் அங்கே சுவிட்சைப் போடுவார்கள்.

ஆள் இறங்கியாயிற்றா என்று அண்ணாச்சி யாரிடமும் கேட்க மாட்டார். வீட்டுக்குப் போகிற அவசரத்தில் எவனாவது “எறங்கியாச்சு” என்று சொல்லிவிடுவான் என்பது அவர் கணக்கு. அவர் பார்ப்பது செருப்பைத்தான். டவர் அடியில் ஒரு தட்டையான கல்லைப் போட்டு வைப்போம். ஏறப் போகிறவன் செருப்பை அதில் கழற்றிவிட்டு, கேன்வாஸ் ஷூ மாட்டிக்கொண்டு ஏறுவான். இறங்கினால் முதல் வேலையாகச் செருப்பை எடுப்பான். சாயங்காலம் அண்ணாச்சி கல்லைப் பார்ப்பார். கல் காலி என்றால் டவர் காலி. இத்தனை வருஷத்தில் அது தப்பியதில்லை என்பார்.

அந்த வருஷம் குரங்குத் தொல்லை. ஒரு நாள் ஒரு மந்தி கல்லிலிருந்து ஒற்றைச் செருப்பைத் தூக்கிக்கொண்டு மருத மரத்தில் ஏறிவிட்டது. செருப்பைப் பறிகொடுத்தவன் ஒரு கால் செருப்போடு வனத்துறைச் சோதனைச்சாவடி வரைக்கும் நடந்தான். எல்லாரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. இன்றைக்கு ஒற்றை போயிற்று, நாளைக்கு ஜோடி போனால்? ஆள் மேலே இருக்கும்போது கல் காலியாகிவிட்டால்? மறுநாள் அரிசிச் சாக்கு ஒன்றை வீட்டிலிருந்து கொண்டுபோனேன். எல்லாரும் ஏறியதும் செருப்புகளைச் சாக்கில் போட்டுக் கட்டி என் பக்கத்தில் வைத்துக்கொண்டேன். மூன்றரை மணி வாக்கில் மறுபடி கல்லில் எடுத்து அடுக்கிவிடுவேன். அண்ணாச்சி வரும்போது கல் எப்போதும்போல இருக்கும். அவரிடம் இதைச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால், “ஒமக்கு வேற சோலியே இல்லையாவே” என்பார்.

கார்த்திகை பிறந்து நாலைந்து நாள் இருக்கும். ஆற்றை ஒட்டிய சரிவில் வேலை. மதியத்துக்கு மேல் மேகம் இறங்கி டவரின் தலை தெரியவில்லை. அதனால் சீக்கிரமே முடித்தார்கள். மூன்று பேர் இறங்கிவந்து சாக்கிலிருந்தே செருப்பை வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள். கல்லில் அடுக்குகிற நேரம் அன்றைக்கு வரவே இல்லை. கடைசியாக என் மைத்துனன், எர்த் ராடைக் கழற்றிக் கயிற்றில் இறக்கினான். அந்த ராடு லைனில் தொங்குகிறவரை, தவறிக் கரண்டு வந்தாலும் மண்ணுக்குப் போய்விடும். அதை இறக்கிவிட்டால் ஆளும் இறங்கிவிட வேண்டும். அவனும் பாதி இறங்கிவிட்டான்.

நான் சும்மா இருந்திருக்கலாம்.

“மாப்ளே, கடைசி வட்டுல பின்னு விரிச்சியா?”

“விரிச்சேன் அத்தான்.”

“தொட்டுப் பாத்தியா?”

அவன் ஒரு கையால் டவர் சட்டத்தைப் பிடித்தபடி கீழே பார்த்தான். “காலைலேருந்து எட்டு தடவ கேட்டுட்டிய. இப்ப எனக்கே சந்தேகமா வருது. இருங்க, பாத்துட்டே வாரேன். இல்லன்னா ராத்திரி வீட்டுக்கே வந்து கேப்பிய.”

திரும்ப ஏறிப் போனான். மேகம் அவனை மூடியது. வேண்டாம் என்று கத்தியிருக்க வேண்டும். ஆனால் எனக்கு உள்ளூர நிம்மதிதான். பார்த்துவிட்டால் நல்லது என்று இருந்தது. அண்ணாச்சி கீழ் டவரில் இருக்கிறார், அவர் வர அரை மணியாகும் என்று கணக்குப் போட்டேன். அதற்குள் ராடையும் கயிற்றையும் வண்டி நிற்கிற இடத்தில் போட்டுவிட்டு வரலாம் என்று கிளம்பினேன். சாக்கை அங்கன விட்டுவிட்டுப் போனால் குரங்கு கிழிக்கும். அதையும் தோளில் மாட்டிக்கொண்டேன்.

திரும்பி வரும்போது ரோட்டு வளைவில் அண்ணாச்சி நின்றார். அந்த மலையில் போன் எடுக்கிற ஒரே இடம் அதுதான். மழை வரப் பார்த்ததால் குறுக்குப்பாதையில் சீக்கிரமே ஏறி வந்து, கல்லைப் பார்த்துவிட்டு, வளைவுக்கு வந்திருக்கிறார். போன் காதில் இருந்தது.

“ஆமா சார். கல்லப் பாத்துட்டுத்தான் வாரேன். ஆளெல்லாம் எறங்கியாச்சு…”

சாக்குக்குள் இருந்த செருப்பு என் முதுகில் இடித்தது. அப்போதுதான் புரிந்தது. வாயைத் திறந்தேன், சத்தம் வரவில்லை. சாக்கைத் தலைகீழாகப் பிடித்து அவர் முன்னால் உதறினேன். நீல வார் போட்ட ஒரு ஜோடிச் செருப்பு தார் ரோட்டில் விழுந்தது.

அண்ணாச்சி அதைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

“சார், இல்ல. நான் திருப்பித் தரல. மேல ஆள் இருக்கு. கேக்குதா? ஆள் இருக்கு சார்.”

போன் துண்டித்துப் போயிற்று. அந்தப் பக்கத்தில் எதைக் கேட்டார்கள், எதுவரை கேட்டார்கள் என்று தெரியாது. அவர் போனைத் தலைக்கு மேலே தூக்கிக்கொண்டு வளைவின் ஓரத்துக்கு ஓடினார். நான் டவரைப் பார்த்து ஓடினேன்.

மேகம் இறங்கிய நாளில் லைனில் கரண்டு வந்தால் பொரிகிற மாதிரி ஒரு சத்தம் கேட்கும். ஓடும்போது என் காது அதை மட்டும்தான் தேடியது. ஆற்றுச் சத்தம் கேட்கும்போதெல்லாம் அதுதானோ என்று நின்றேன். நின்றால் நேரம் போகிறதே என்று மறுபடி ஓடினேன். கால் வழுக்கி ஒரு முழங்கால் கிழிந்ததை அப்புறம்தான் பார்த்தேன். அக்காளும் தம்பியுமாகப் பிறந்தது இரண்டே பேர். அவளிடம் என்ன சொல்வேன் என்று யோசித்தேன்.

டவர் அடிக்கு வந்து அண்ணாந்தேன். மேகத்துக்குள் இரண்டு கேன்வாஸ் கால்கள் தெரிந்தன. ஒவ்வொரு படியாக, அவசரமே இல்லாமல், பைய இறங்கிக்கொண்டிருந்தான். கீழே குதித்ததும் கல்லைப் பார்த்தான்.

“பின்னெல்லாம் சரியாத்தான் இருக்கு அத்தான். செருப்ப எங்க?”

அவன் முழங்கையைப் பிடித்துக்கொண்டே நடந்தேன். நடந்ததை வழியில் சொன்னேன். முதலில் சிரித்தான். பிறகு சிரிப்பு நின்றுபோய், கையை என் பிடியிலிருந்து எடுத்துக்கொண்டு, முன்னால் நடந்தான்.

வளைவில் செருப்பு விழுந்த இடத்திலேயே கிடந்தது. அண்ணாச்சி அதன் பக்கத்தில் நின்றார். மறுபடி போன் எடுத்துப் பேசிவிட்டாராம். அங்கே ‘மேல ஆள்’ என்று பாதி கேட்டதுமே சுவிட்சிலிருந்து கையை எடுத்துவிட்டார்களாம்.

“மாட்டுலே,” என்றார் அவனிடம். என் பக்கம் திரும்பினார். “கொரங்கு கொண்டு போனா மரத்துல தேடலாம்வே. நீரு கொண்டு போனா எங்கன தேட?”

நான் சாக்கைச் சுருட்டிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டேன். “எம்மேலயும்தான் தப்பு. கல்லோட நின்னுட்டேன், அண்ணாந்து பாக்கல” என்று சொல்லிவிட்டு அவர் மறுபடி போனைக் காதில் வைத்தார். இந்தத் தடவை எங்கள் இரண்டு பேரையும் கண்ணால் பார்த்துக்கொண்டே, ஆள் இறங்கியாயிற்று என்று சொன்னார்.

அப்போது என் போன் அடித்தது. என் மனைவி. தினமும் அந்த நேரத்துக்குக் கூப்பிடுவாள்.

“தம்பி எறங்கிட்டானா?”

மைத்துனன் என்னைப் பார்த்து மெல்லத் தலையாட்டினான், சொல்ல வேண்டாம் என்று.

“எறங்கிட்டான்.”

“நீங்க பாத்தியளா?”

“பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன்.”

இன்றுவரை அவளுக்குத் தெரியாது. இதைப் படித்தால் தெரியட்டும்.

மறுநாள் சாக்கை வீட்டிலேயே போட்டுவிட்டு, குரங்கை விரட்ட ஒரு கம்போடு போனேன். அன்றிலிருந்து செருப்பையும் பார்த்து, ஒவ்வொரு ஆளையும் எதிரே நிறுத்தி முகத்தையும் பார்த்த பிறகுதான் அண்ணாச்சி போனை எடுத்தார். மைத்துனன் ஏறுவதற்கு முன் நீல வார்ச் செருப்பைக் கல்லில் கழற்றினான். சரிவில் தேடி ஒரு உருண்டைக் கல்லை, இரண்டு கையாலும் தூக்குகிற அளவு, கொண்டுவந்து செருப்பின் மேல் வைத்தான். அது குரங்குக்கா எனக்கா என்று நான் கேட்கவில்லை.