ஆயுத பூஜைக்குச் சுத்தம் செய்த ஃபைல்

தசரா விடுமுறை முடிந்து நஞ்சன்கூடு ஃபேக்டரி திறந்த அன்றே எனக்குத் தலைவலி ஆரம்பித்தது. ஷிப்ட் முடிந்து போகிறவர்களின் முகத்தைப் படமெடுத்து வருகை பதியும் மெஷின் நின்று நின்று வேலை செய்தது. கம்பெனி பஸ் வரிசையில் நின்ற பாதிப் பேரை விட்டுவிட்டு மைசூருக்குக் கிளம்பிவிட்டது. கம்ப்யூட்டர் பிரிவில் புதிதாகச் சேர்ந்திருந்த என்னைத்தான் எல்லோரும் முறைத்தார்கள்.

"ஸ்வல்ப சீக்கிரம் பாரும்மா. இந்த வாரம் முழுக்க இப்படியே இருந்தா வேற ஆள்தான் பார்க்கணும்," என்றார் மேனேஜர், கன்னடம் கலந்த தமிழில். அந்த வேலையை நம்பித்தான் மைசூரில் வீடு பிடித்து அம்மாவை அழைத்து வந்திருந்தேன்.

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். வயர்களை மாற்றினேன், மெஷின் விற்றவனைத் திட்டினேன். பக்கத்து மேஜை அக்கா தமிழ்நாட்டு எல்லையோரத்து ஹனூர்க்காரர். பொறுத்துப் பொறுத்துப் பார்த்தார்.

"அட, அந்த வயரை உடு கண்ணு. வருகையெல்லாம் போய்ச் சேர்ற டேட்டாபேஸ் ஃபைலைப் பாத்தியா? எடம் பத்தலைன்னா அது தானா வளரும். வளர்ற வரைக்கும் எல்லாம் காத்துக்கிட்டு நிக்கோணும்."

ஃபைல் வளரும்போதெல்லாம் எனக்கு மெயில் வரும்படி அவரே செய்து கொடுத்தார். அன்று ஷிப்ட் மணி அடித்ததும் மெயில் கொட்டோ கொட்டென்று கொட்டியது. ஃபைல் கொஞ்சூண்டு கொஞ்சூண்டாக வளர்ந்துகொண்டிருந்தது. வளரும்போதெல்லாம் மெஷின் நின்றது.

"இருந்த இடமெல்லாம் எங்கேக்கா போச்சு? எந்தப் புண்ணியவான் இதைச் சுருக்கினது?" என்று கத்தினேன்.

அக்கா சிரித்தார். சட்டென்று சிரிப்பு நின்றது. "நான்தான் கண்ணு. ஆயுத பூஜைக்கு எல்லா மெஷினையும் தொடச்சுப் பொட்டு வெக்கறோமல்ல? ஃபைலையும் சுத்தம் பண்ணலாம்னு, சும்மா கெடந்த எடத்தையெல்லாம் எடுத்துட்டேன். வருசா வருசம் பண்றதுதான். படம் புடிக்கற மெஷின் இந்த வருசந்தானே வந்துச்சு, படத்துக்கு எடம் நெறைய வேணும்னு தோணாமப் போச்சு."

அவர் பேசாமல் சரிசெய்துவிட்டு இருந்திருக்கலாம். நேரே மேனேஜர் அறைக்குப் போனார். கதவு திறந்தே கிடந்தது.

"அந்தப் புள்ளை மேல தப்பில்லீங்க சார். பண்ணுனது நானு. போகச் சொல்றதுன்னா என்னையச் சொல்லுங்க."

எனக்கு அழுகை வந்துவிட்டது. அதுவரை எனக்காக யாரும் அப்படிப் பேசியதில்லை. மேனேஜர் யாரையும் போகச் சொல்லவில்லை. ஃபைலுக்குத் தாராளமாக இடம் ஒதுக்கினோம். மறுநாள் ஷிப்ட் முடிந்தபோது ஒரு மெயிலும் வரவில்லை. பஸ்ஸில் எல்லோரும் ஏறினார்கள்.

அடுத்த ஆயுத பூஜைக்கு அக்கா சர்வருக்குப் பொட்டு வைத்துவிட்டு, "ஃபைலைத் தொடவே இல்ல சாமி," என்று கையை விரித்துக் காட்டினார். நான் குங்குமத்தை எடுத்து அவர் நெற்றியில் வைத்தேன்.

"என்ன கண்ணு, நான் என்ன மெஷினா?"

"நமக்குச் சோறு போடறது எதுவோ, அதுக்குத்தானேக்கா இன்னிக்குப் பொட்டு வைக்கணும்?"