இறந்தவளுக்குப் போன மெயில்

நூலகர் அவர்களே, என் மனைவி எழுதிய ஆய்வேட்டை என் கண்ணில் காட்டாமலே திருப்பி அனுப்பிவிட்டீர்கள்.

எனக்குச் சுற்றி வளைக்கத் தெரியாது. உங்கள் பல்கலைக்கழகத்தின் பெயரையும் போட்டிருப்பேன் — இந்தப் பத்திரிகையின் ஆசிரியர் விடவில்லை.

பாகூர் ஏரிப் பாசனத்தை ஆராய்ந்தவள் சரோஜா. ஏரிக்கரையெல்லாம் அவளை ஸ்கூட்டரில் ஏற்றிக்கொண்டு சுற்றியவன் நான். வீட்டிலிருந்த பிரதி புயல் மழையில் கூழாகிவிட்டது. போன வருடம் அவளும் போய்விட்டாள். இன்னொரு பிரதி மதுரையில், அவள் படித்த இடத்து நூலகத்தில் இருக்கிறது. அங்கே போய்வர என் முட்டி விடாது.

ஒரு நூலகம் இன்னொன்றிடம் இரவல் வாங்கித் தரும் ஏற்பாடு உண்டு. நல்ல ஏற்பாடுதான். சரோஜா உங்களிடம் வேலை பார்த்து ஓய்வுபெற்றவள். அவளுடைய நூலக உறுப்பினர் கார்டிலேயே நான் கேட்கலாம் என்றீர்கள். ஆனால் இறப்புச் சான்றிதழ் வேண்டுமாம். ஜெராக்ஸ் கொடுத்தேன். விண்ணப்பத்தோடு பின் அடித்து வைத்தீர்கள். என் செல் நம்பரையும் பெரிதாக எழுதிக் கொடுத்தேன்.

பிறகென்ன? காத்திருந்தேன்... எங்கள் கிருமாம்பாக்கம் மளிகைக்கடை பாய் பார்க்கும்போதெல்லாம் கேட்பார்.

"இன்னா சார், வூட்டம்மா புக்கு வந்துச்சா?"

"வரும் பாய்."

"மதுரையிலேர்ந்து நடந்தே வருதா?"

சிரிப்பேன். பல நாள் நான் பேசிய பேச்சே அவ்வளவுதான். வீட்டில் யார் இருக்கிறார்கள் பேச? யாரோ இருக்கிற மாதிரி இருக்கட்டும் என்று டிவியை ஓட விடுகிறேன். சரோஜாவின் எழுத்து, அவள் பேசுகிற மாதிரியே இருக்கும் — நறுக்கென்று, நடுவில் ஒரு குத்தலோடு. அதைத்தான் கேட்டேன்.

போன திங்கட்கிழமை நேரில் வந்தேன்.

"அது வந்து திரும்பியே போயிடுச்சு சார்," என்றார் கவுன்ட்டரில் இருந்த பெண். "இன்டிமேஷன் அனுப்பினோம். யாரும் வரல."

"யாருக்கும்மா அனுப்புனீங்க?"

"மெம்பருக்குத்தான். பாருங்க..."

திரையைத் திருப்பினார். சரோஜாவின் மெயில் ஐடி! நீங்கள் கேட்ட நூல் வந்துவிட்டது, நேரில் வந்து பெற்றுக்கொள்ளவும் என்று. அதற்குக் கீழே ஒரு நினைவூட்டல் வேறு.

அந்தப் பெண்ணின் முகம் மாறிவிட்டது. "சாரி சார்... சிஸ்டம்ல இருக்கிற ஐடிக்குத்தான் போகும்."

மறுபடி கேளுங்கள் என்றேன். முடியாதாம். வரவழைத்துவிட்டு எடுக்காமல் விட்ட உறுப்பினருக்கு மதுரைக்காரர்கள் திரும்ப அனுப்ப மாட்டார்களாம்.

பஸ்ஸை விட்டு இறங்கியதும் பாய் கடைப் பக்கம் திரும்பாமல் நடந்தேன்.

நூலகர் அவர்களே, சான்றிதழை வாங்கி வைத்துக்கொண்டு அவளுக்கே மெயில் போட்டீர்களே... யார் வருவார் என்று காத்திருந்தீர்கள்? எனக்குத் தனியாக விளக்கம் அனுப்ப வேண்டாம். இதே பக்கத்தில், ஊரே படிக்கிற மாதிரி, பதில் சொல்லுங்கள்.