அந்தக் குழாயில் படுத்திருந்தவன் நான்தான்

போன வருடம், மல்லாட்டை பிடுங்குகிற பருவம். வேர்க்கடலையை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வோம். திண்டிவனத்தில் நண்பன் வீட்டில் சண்டை போட்டுவிட்டு, போட்ட சோற்றைத் தொடாமல், பேருந்து நிலையத்தை நோக்கி வெயிலில் நடந்துகொண்டிருந்தேன். தோளில் என் பை. அந்தப் பைதான் எனக்கு வீடு என்பதால், எங்கே கோபித்துக்கொண்டு கிளம்பினாலும் திரும்பிப் போய் எடுக்க வேண்டிய பொருள் எதுவும் இருக்காது. இனி அவன் முகத்தில் விழிப்பதில்லை என்று முடிவு செய்திருந்தேன்.

சண்டை, அவன் எழுதிய நாவலைப் பற்றியது.

முன்பு நாங்கள் இருவரும் கெடார் பக்கம் ஓர் அரிசி ஆலையில் நெல் காயவைக்கும் வேலை பார்த்தோம். நான் எட்டாம் வகுப்போடு ஊரை விட்டு ஓடியவன். சூரத், நெல்லூர், கொச்சி என்று வேலை கிடைத்த இடமெல்லாம் போனேன். அவன் பன்னிரண்டாவது முடித்தவன், ஊரைத் தாண்டாதவன். நெல்லைத் துழாவிவிட்டு நிழலில் உட்கார்ந்ததும், "அப்புறம் இன்னாடா ஆச்சு, சொல்லு" என்பான். நானும் சொல்வேன்.

அப்படிச் சொன்னதில் ஒன்று குழாய்க் கதை. நெல்லூர் பக்கம் சாலை வேலைக்குப் போன இடத்தில் மழை பிடித்துக்கொண்டது. மேஸ்திரி எங்களை விட்டுவிட்டு ஓடிப்போனார். சாலையோரம் கிடந்த பெரிய சிமெண்ட் குழாய்க்குள் ஒரு நாயோடு படுத்துக் கிடந்தேன். அந்த நாய் எங்கிருந்தோ ஒரு பன் பாக்கெட்டைக் கவ்வி வந்தது. ஆளுக்குப் பாதி தின்றோம். மழை விட்டதும் அது ஒரு லாரிக்குப் பின்னால் ஓடிவிட்டது, நான் இன்னொரு லாரியில் ஏறிக்கொண்டேன். அவ்வளவுதான் கதை. இதை நான் சிரிக்கச் சிரிக்கத்தான் சொல்வேன்.

அவன் அதை நாவலில் ஓர் அத்தியாயமாக எழுதினான். என்னைக் கேட்டுத்தான் எழுதினான். "எழுதிக்கோடா, அது இன்னா எங்கப்பன் சொத்தா" என்று நானே சொன்னேன். புத்தகம் வந்ததும் படித்தேன். அவன் எழுத்தில் அந்த நாய் குழாய்க்குள்ளேயே செத்துப்போகிறது. நடந்தது தெரிந்த எனக்கே அழுகை வந்தது. அதுதான் பொறுக்கவில்லை. பட்டவன் நான், அழ வைக்கத் தெரிந்தவன் அவன். திண்டிவனத்தில் கூட்டம் நடத்தி அவனுக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். பேசியவர்கள் எல்லோரும் குழாய் அத்தியாயத்தைத்தான் சொன்னார்கள். நான் கடைசி வரிசையில் உட்கார்ந்து கைதட்டினேன். கை மட்டும்தான் தட்டியது.

பிறகு விழுப்புரத்தில் ஓர் ஓட்டலில் மாவாட்டிக்கொண்டிருந்தபோது, இணையக் கலைக்களஞ்சியத்தில் யார் வேண்டுமானாலும் கட்டுரை எழுதலாம், திருத்தலாம் என்று தெரிந்துகொண்டேன். அந்த நாவலுக்கு அங்கே கட்டுரை இல்லை. மதிய ஓய்வில் கைப்பேசியில் கட்டைவிரலால் தட்டித் தட்டி நானே எழுதினேன். கதைச் சுருக்கம் எழுதினேன். பத்திரிகைகளில் வந்த மதிப்புரைகளைத் தேடி ஆதாரமாகச் சேர்த்தேன். அதற்கே நிறைய நாள் பிடித்தது. அவன் மேல் இருந்த பாசத்தில் இதைச் செய்தேன் என்று நினைத்துவிட வேண்டாம். கடைசியில் ஒரு வரி வைக்கத்தான் அத்தனை உழைப்பும். குழாய் அத்தியாயம் உண்மையில் நடந்தது என்றும், நடந்தது எனக்கு என்றும், என் பெயரோடு எழுதினேன். என் பெயர் அதுவரை அச்சில் வந்தது வாக்காளர் அட்டையில் மட்டும்தான். அதிலும் அப்பா பெயர் தப்பு.

மறுநாள் பார்த்தால், கட்டுரை அப்படியே இருக்கிறது. அந்த ஒரு வரியை மட்டும் காணோம். 'ஆதாரம் தேவை' என்று ஒருவர் குறிப்பு எழுதியிருந்தார். கட்டுரையின் பேச்சுப் பக்கத்தில், "அந்த ஆளே நான்தான், இதற்கு மேல் என்ன ஆதாரம்?" என்று கேட்டேன். "நீங்கள் சொல்வது உண்மையாகவே இருக்கலாம். ஆனால் சொந்த அனுபவத்தை இங்கே ஆதாரமாக ஏற்பதில்லை. அச்சில் வந்திருந்தால் குறிப்பிடுங்கள்" என்று மரியாதையாகப் பதில் வந்தது. மறுபடி போட்டேன். மறுபடி எடுத்தார்கள். அதன் பிறகு வெறுத்துப்போய் அந்தப் பக்கத்தைத் திறக்கவே இல்லை. ஆனால் மனத்துக்குள் ஒன்று அரித்தது: இவன்தான் எடுக்கச் சொல்லியிருப்பான். ஓட்டலில் விடுப்பு கேட்டேன். தரவில்லை. வேலையை விட்டுவிட்டுத் திண்டிவனத்துக்குப் பேருந்து ஏறினேன்.

"எம் பேரத் தூக்கச் சொன்னது நீதான?" என்றேன், செருப்பைக்கூடக் கழற்றாமல்.

"வந்ததும் வராததுமா இன்னாடா பேஜாரு பண்ற?"

"பொன்னாட போத்திக்கினு ஒக்காந்தியே, அந்தக் கொழாயில நீயாடா படுத்திருந்த?"

அவன் மனைவி இலையைப் போட்டபடியே, "அண்ணே, மொதல்ல சாப்புடுங்க. சண்டைய அப்புறம் போட்டுக்கலாம், அது ஒண்ணும் ஆறிப்போவாது" என்றார். நான் உட்காரவில்லை. நண்பன் முகம் மாறிவிட்டது.

"போடா. போய்க்கினே அந்தக் கட்டுரையில 'வரலாறு'ன்னு இருக்கும், அத்த அழுத்திப் பாரு" என்று மட்டும் சொன்னான்.

விழுப்புரம் பேருந்தில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. அழுத்திப் பார்த்தேன். அந்தக் கட்டுரையில் யார் எதைச் சேர்த்தார்கள், யார் எதை எடுத்தார்கள் என்பதெல்லாம் அங்கே வரிசையாக இருந்தது. நான் ஓய்ந்துபோன பிறகு என் வரியை ஒருவர் திரும்பத் திரும்பச் சேர்த்திருந்தார். அவன்தான். 'நூலாசிரியர் நானே சொல்கிறேன், அது இவருடைய கதை' என்று காரணமும் எழுதியிருந்தான். அவனுக்கும் அதே மரியாதையோடு பதில் வந்திருந்தது. நூலாசிரியர் தன் நூலின் கட்டுரையைத் தானே திருத்தக் கூடாதாம். அச்சில் வந்த ஆதாரம் வேண்டுமாம். பட்டவன் சொன்னாலும் செல்லாது, எழுதியவன் சொன்னாலும் செல்லாது. சிரித்துவிட்டேன்.

பக்கத்தில் மல்லாட்டைப் பையை மடியில் வைத்திருந்த அம்மா, "இன்னா தம்பி, போனப் பாத்து தானா சிரிச்சிக்கினு வர்ற, பொண்ணு கிண்ணு பாத்துட்டாங்களா?" என்று கேட்டு, ஒரு கை மல்லாட்டை அள்ளிக் கொடுத்தார். காலையிலிருந்து அதுதான் சாப்பாடு.

சிரிப்பு அடங்கியதும் பொறாமைதான் மறுபடி வந்தது. எழுத்தில்தான் முந்தினான் என்றால், பெருந்தன்மையிலும் முந்திவிட்டானே.

விக்கிரவாண்டி தாண்டியதும் அவனை அழைத்தேன். மன்னிப்புக் கேட்க வாய் வரவில்லை. "சோறு மிச்சம் கீதா?" என்றேன்.

"நாய்க்குப் போட்டுட்டேன்" என்றான். பிறகு அவனே சொன்னான்: "ரெண்டாம் பதிப்பு வந்தா முன்னுரையில ஒம் பேரப் போட்டு எழுதறேன்டா. அது அச்சுல வந்துடும். அப்புறம் எவன் எடுப்பான் பாக்கலாம்."

"எப்ப வரும்?"

"மொதப் பதிப்பு தீந்தாத்தான். பதிப்பாளர் வூட்டுல கட்டிலுக்கு அடியில கட்டு கட்டாக் கெடக்குது."

மறுநாள் காலை விழுப்புரத்தில் புத்தகக் கண்காட்சிக்குக் கொட்டகை போட்டு, பெட்டிகளை இறக்கிக்கொண்டிருந்தார்கள். போய்க் கேட்டேன். ஒரு விற்பனை அரங்கில் ஆள் தேவைப்பட்டது, சேர்ந்துகொண்டேன். பெட்டிகளைப் பிரித்தபோது அடியில் அவன் நாவல் இருந்தது. எடுத்துத் தூசி தட்டி, வருபவர் கண்ணில் முதலில் படும் இடத்தில் அடுக்கினேன். கல்லூரியில் படிக்கிற மாதிரி இருந்த ஒரு பெண் அதைப் புரட்டிப் பார்த்து, "இது நல்லா இருக்குமாண்ணா?" என்று கேட்டார். "அந்தக் குழாய் அத்தியாயத்தைப் படிங்கம்மா, அழுதுடுவீங்க" என்றேன். அவர் வாங்கிக்கொண்டு போனார். அவன் மேல் எனக்குப் பொறாமை இன்னும் தீர்ந்தபாடில்லை. ஆனால் அவன் புத்தகத்தின் கடைசிப் பிரதி வரை விற்றுத் தீர வேண்டும் என்று என்னைப்போல் வேண்டிக்கொள்கிறவன் இந்த உலகத்தில் வேறு யாரும் இருக்க முடியாது.