கமலா அக்கா ஒட்டிய பொட்டுகள்

பட்டர்வொர்த்திலிருந்து ஃபெரிப் படகில் வந்துகொண்டிருந்தபோது மணியம் அண்ணன் அழைத்தார். "கமலா போயிட்டாம்மா. காலையில காப்பி கலக்கிக்கிட்டு இருந்தவ அப்படியே சாஞ்சிட்டா" என்றார். அவர் மனைவி கமலா அக்காவும் நானும் பாயான் பாரு பக்கம் ஒரே தொழிற்சாலையில் வேலை பார்த்தவர்கள். கரை வந்தும் எனக்கு எழுந்திருக்கத் தோன்றவில்லை.

அக்காவின் மகன் ஜெர்மனிக்கு வேலைக்குப் போய், அங்கேயே லேனாவை மணந்துகொண்டான். வீடியோ அழைப்பில் மருமகளைப் பார்த்துக் கையசைப்பதோடு சரி. "சாப்பிட்டியான்னு கேக்கத் தெரியல, நான் என்ன மாமியார் லா?" என்று புலம்பியவர், என்னையும் இழுத்துக்கொண்டு ஜார்ஜ்டவுனில் ஜெர்மன் வகுப்பில் சேர்ந்தார்.

அங்கே வந்தது வினை. அந்த மொழியில் ஒவ்வொரு பொருளின் பெயருக்கு முன்னாலும் ஆணுக்கு டேர், பெண்ணுக்கு டீ, இரண்டுமில்லாததற்கு டாஸ் என்ற மூன்றில் ஒன்று வரவேண்டும். மேசை ஆணாம், கதவு பெண்ணாம், ஜன்னல் இரண்டுமில்லையாம். "கதவு பொம்பளைன்னா தாலி கட்டினது யாரு?" என்று அக்கா கேட்க, வகுப்பே சிரித்தது.

சிரித்தாலும் விடவில்லை. ஒட்டுப் பொட்டு வாங்கி வந்து டேருக்கு நீலம், டீக்குச் சிவப்பு, டாஸுக்குப் பச்சை என வீடு முழுக்க ஒட்டிவிட்டார். "ஆயுத பூஜை முடிஞ்சும் ஐஸ்பெட்டிக்குப் பொட்டா?" என்று பக்கத்து வீட்டார் கேலி செய்தார்கள்.

ஆனால் தீபாவளிக்கு லேனா நேரில் வந்ததும் அக்கா அடுப்படியில் ஒளிந்துகொண்டார். தப்பாகப் பேசிவிடுவோமோ என்று அத்தனை பயம். வீட்டைச் சுற்றி வந்த லேனா, ஜெர்மனில் ஆணான முகக்கண்ணாடியில் தப்பாக ஒட்டியிருந்த சிவப்புப் பொட்டை உரித்துவிட்டு நீலத்தைத் தேடினாள். பொட்டு அட்டையோடு அக்கா ஓடினார். மாலைவரை இருவரும் தரையில் உட்கார்ந்து, பொட்டை மாற்றி மாற்றி ஒட்டிச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். அன்றுதான் அக்கா ஜெர்மனில் "சாப்பிட்டியா?" என்று கேட்டார். "எல்லாத்தையும் சரியா ஒட்டியிருந்தா அவ சும்மா பார்த்துட்டுப் போயிருப்பா லா" என்று பிறகு என்னிடம் பெருமையாகச் சொன்னார். அதன்பின் சனிக்கிழமை தவறாமல் மருமகளை அழைத்து அதையே கேட்பார்.

மகனும் மருமகளும் வந்து சேரும்வரை அக்காவைக் கிடத்தியிருந்தோம். லேனா நேராக உள்ளே போய் அந்தப் பொட்டு அட்டையை எடுத்து வந்தாள். "டீ முட்டர்" என்றாள். அம்மா என்று அர்த்தம். சிவப்புப் பொட்டை அக்காவின் நெற்றியில் வைத்தாள். அதுவரை கல்லாக நின்ற மணியம் அண்ணன் உடைந்து அழுதார்.

அக்காவிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது அந்த ஒரு கேள்வியைத்தான். போன சனிக்கிழமை லேனாவை அழைத்து, எனக்குத் தெரிந்த அரைகுறை ஜெர்மனில் அதைக் கேட்டேன். முதலில் விசும்பல் கேட்டது. பிறகு தமிழில் பதில் வந்தது: "சாப்டேன், அக்கா."