அவள் வாங்கிக்கொண்ட காற்று

போன வருடம் ஆடி மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. ஸ்ரீரங்கம் ராஜகோபுரத்திலிருந்து முக்கொம்பு வரை போய்வர எங்கள் தென்னூர் சைக்கிள் குழு ஏற்பாடு செய்திருந்தது. புதிதாக கியர் சைக்கிள் வாங்கிய ஜம்பத்தில் நானும் பெயர் கொடுத்திருந்தேன். "நானும் வரட்டுங்களா?" என்று கேட்டாள் என் மனைவி. "உன்னால முடியுமா?" என்றேன். யாரைப் பார்த்து இப்படிக் கேட்டேன் என்பதைச் சொல்லிவிடுகிறேன்.

பன்னிரண்டு வருடம் சாலை சைக்கிள் பந்தயம்தான் அவளுக்குத் தொழில். அதற்காகத்தான் அவளுக்கு அரசு வேலையே கொடுத்தார்கள். தோள்பட்டை எலும்பு முறிந்த பிறகு பந்தயத்தை விட்டாள். ஆனால் வீட்டில் ஒரு தங்கப் பதக்கம்கூடக் கிடையாது. உறவுக்காரர்கள் விசாரித்தால், "கூட்டத்தோட கூட்டமா ஓட்டினா, அவ்வளவுதான்" என்று நானே முந்திக்கொண்டு சிரிப்பேன்.

அந்த வாரம் ஒரு கல்லூரியில் மாணவிகளுக்குப் பயிற்சி கொடுக்க அவளைக் கூப்பிட்டிருந்தார்கள். திங்கட்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும். "ஜெயிக்காதவ என்னத்தச் சொல்லிக் குடுப்பே? பேசாம வேண்டாம்னு சொல்லிடு" என்று சொல்லியிருந்தேன். அதிலிருந்து அவள் என்னோடு சரியாகப் பேசவில்லை.

காவிரிப் பாலம் தாண்டி, கரூர் சாலையில் திரும்பியதும் ஆடிக்காற்று நேர் எதிரே பிடித்துக்கொண்டது. ஜீயபுரம் வருவதற்குள் எனக்கு நாக்கு தள்ளிவிட்டது. குழு கண்ணுக்கே தெரியவில்லை. மகளின் பழைய சைக்கிளில் பின்னால் வந்துகொண்டிருந்தவள் சத்தமில்லாமல் எனக்கு முன்னால் வந்தாள்.

"என் பின் சக்கரத்த மட்டும் பாத்துட்டு வாங்க. ஒரு முழம் இடைவெளி போதும், அதுக்கு மேல விட்டுடாதீங்க."

ஒட்டிக்கொண்டேன். சட்டென்று காற்றே நின்றுவிட்ட மாதிரி இருந்தது. நிற்கவில்லை, அவ்வளவும் அவள் மேல் மோதிக்கொண்டிருந்தது. நான் தளர்ந்தால் திரும்பிப் பார்க்காமலே வேகத்தைக் குறைத்தாள். முக்கொம்பு வரை ஒரு இடத்தில்கூட என்னை முன்னால் விடவில்லை.

அங்கே டீக்கடையில் எங்கள் ஆட்கள் ஒரு பெண்ணைச் சுற்றி நின்றிருந்தார்கள். திருச்சி கே.கே. நகரில் அம்மா வீட்டுக்கு வந்திருந்த முன்னாள் தேசிய சாம்பியன், அன்றைய சிறப்பு விருந்தினர். என் மனைவியைப் பார்த்ததும் அந்தப் பெண் டீ கிளாஸை அப்படியே வைத்துவிட்டு ஓடி வந்தாள்.

"அக்கா! நீங்க திருச்சியிலயா இருக்கீங்க?" என்று கட்டிக்கொண்டவள், எல்லோரையும் பார்த்து, "என் முதல் தங்கம் இவங்க குடுத்ததுங்க. கடைசி வரைக்கும் எனக்காகக் காத்த வாங்கிக்கிட்டு, முடிவுக் கோடு தெரிஞ்சதும் ஒதுங்கி என்னைப் போகச் சொன்னாங்க. இவங்க டீம்ல இருந்தா ஜெயிச்சிடுவோம்னு, இவங்கள சேத்துக்க நாங்கல்லாம் அடிச்சுக்குவோம்" என்றாள்.

வேறு நாளாக இருந்தால் மரியாதைக்குச் சொல்கிறாள் என்று நினைத்திருப்பேன். ஆனால் அந்தக் காற்றை இப்போதுதானே கண்டுவந்திருக்கிறேன்! அதற்குள் ஆளாளுக்கு என் மனைவியோடு போட்டோ எடுக்கக் கிளம்பிவிட்டார்கள். "சார், கொஞ்சம் தள்ளி நின்னு எடுங்க" என்று என் கையில் ஏழெட்டு போன்கள் வந்து சேர்ந்தன. அத்தனை பேருக்கும் எடுத்துக் கொடுத்தேன்.

திரும்பும் வழியில், "நான் பேசினது தப்பு. நாளைக்கு முதல் வேலையா அந்தக் காலேஜுக்குச் சரின்னு சொல்லிடு" என்றேன்.

"வெள்ளிக்கிழமையே சொல்லிட்டேங்க" என்றாள், சாலையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

இப்போது அவளிடம் ஒன்பது பெண்கள் பயிற்சி எடுக்கிறார்கள். "மேடம் வீட்டுக்காரரா நீங்க?" என்று யாராவது கேட்டால், ஆமாம் என்று சொல்லும்போதே எனக்கு நெஞ்சு நிமிர்கிறது, அவளை அறிந்துகொள்ள ஊரார் சொல்ல வேண்டியிருந்ததே என்ற வெட்கமும் கூடவே வருகிறது.