ராஜகுமாரியின் சும்மா இராத கை

நாலாவது இலையையும் ஒட்டி முடித்த பிறகுதான் ராஜகுமாரிக்கு உறைக்கிறது, அது குழந்தைகள் ஒட்ட வேண்டிய இலை என்று. "அட, மறுக்காவும் ஒட்டித் தொலைச்சுட்டனுங்க" என்று வலக்கையை இடக்கையால் அடித்துக்கொள்கிறார். அடி பலமில்லை போலிருக்கிறது. அந்தக் கை ஐந்தாவது இலையை எடுக்கிறது.

ஊட்டி காந்தலில் என் வீட்டுக்கு அடுத்த வீடு அவருடையது. குழந்தைகள் தாங்களே வாழ்த்து அட்டை செய்துகொள்வதற்கான கிட் தயாரிக்கிறார். மடித்த கெட்டி அட்டைகள், கவர்கள், வண்ணக் காகிதத்தில் வெட்டிய பூக்கள், அழுத்திக் காயவைத்த பெரணி இலை, தைல மர இலை, ஒரு பசைக் குப்பி, எல்லாம் ஒரு டப்பாவுக்குள். குழந்தை திறந்து, ஒட்டி, எழுதி, பிடித்தவர்களுக்குக் கொடுக்க வேண்டும். அதுதான் திட்டம். ராஜகுமாரியின் கை மட்டும் திட்டத்துக்கு ஒத்துவரவில்லை.

இதற்கு முன் கேரட் கழுவுகிற வேலைக்குப் போய்க்கொண்டிருந்தார். விடியுமுன்னே ஐஸ் தண்ணீரில் வருஷக்கணக்காகக் கழுவியதில் விரல்கள் மரத்துக் கணுக்கள் வீங்கிவிட்டன. "தண்ணியில கை வெக்காதீங்கன்னாருங்க டாக்டரு. பசையில வெக்காதீங்கன்னு சொல்லாம உட்டுட்டாரு" என்று சிரிக்கிறார். கிட் விற்காவிட்டால் மறுபடியும் கேரட்தான். அதைச் சொல்லும்போது மட்டும் சிரிப்பதில்லை.

ஒட்டுவதற்கு அவரிடம் ஒரு நியாயமும் உண்டு. ஆடி மாதம் மிஸ்ட் என்கிற மூடுபனி இறங்கிவிட்டால் எங்கள் பக்கம் பொரித்த அப்பளம் தட்டுக்கு வருமுன் நமுத்துவிடும். காய்ந்த இலை ஈரம் குடித்துச் சுருண்டுகொள்ளும். "சுருண்ட எலையக் குடுத்தா கொழந்த மனசு ஒடஞ்சிருமுங்க. அதான் நானே சித்த ஒட்டி வெச்சேன்." இலையை ஒட்டியதும் பக்கத்து இடம் மொட்டையாகத் தெரிந்ததாம். அங்கே ஒரு பூ வைத்தார். பூவுக்குக் கீழே நூலில் ஒரு முடிச்சு. கடைசியில் குழந்தைக்கு மிஞ்சியது அட்டையைக் கவருக்குள் போடுகிற வேலை. அந்தக் கவர்களும் ஈரத்தில் தாமாகவே வாயை மூடிக்கொண்டது தனிக் கதை.

இதைச் சொல்லிச் சிரிக்க எனக்கு யோக்கியதை இல்லை. செய்முறைத் தாளை எழுதித் தரும்படி கேட்டிருந்தார். பத்திரிகையில் எழுதுகிறவன் என்ற மிதப்பில், 'மடிப்பின் உட்புறத்தே சிறிது பசையிட்டு இலையைப் பொருத்துக' என்று ஆரம்பித்து ஒரு முழுப் பக்கம் எழுதிக் கொடுத்தேன். படித்துவிட்டு, "ஏனுங்க சார், பத்திர ஆபீஸ்ல குடுக்கறதுங்களா இது?" என்றார். சரி, படமாகப் போட்டுவிடலாம் என்று அவரே வரைந்தார். அவர் வரைந்த கத்தரிக்கோலை நான் முயல் என்று நினைத்துப் பாராட்டினேன். அன்று சாயங்காலம் உருப்படியாக நடந்தது, இருவரும் டீ குடித்ததுதான்.

மார்க்கெட் பக்கம் பொம்மைக் கடை வைத்திருக்கும் பவுல்ராஜ்தான் முதல் டப்பாக்களை வாங்கி வைத்தவர். ஓர் அம்மா திருப்பிக் கொண்டுவந்துவிட்டாராம். "'எம் பையன் பேரு எழுதறது மட்டுந்தான் பாக்கி, மிச்சமெல்லாம் யாரோ பண்ணீட்டாங்க'ங்கறாங்க" என்றார் பவுல்ராஜ். பொல்லாத மனிதரில்லை. "இன்னொரு டப்பா கொண்டாங்கம்மா. எம் பொண்ணு ஜீவிதா உக்காந்து செய்யட்டும். அவளாச் செஞ்சு முடிச்சா டூரிஸ்ட் வர்ற ரெண்டாம் சீசனுக்கு வெக்கிறேன். இல்லீன்னா மன்னிச்சுக்கங்க."

அந்த ஒரு டப்பாவைக் கட்டும்போது என்னைக் காவலுக்கு உட்காரவைத்தார் ராஜகுமாரி. "என்ர கை பசைக்கிட்டப் போனா ஒரு சத்தம் போடுங்க சார்." இலைகளைக் கரி அடுப்புக்கு மேலே சல்லடையில் பரப்பிச் சூடு காட்டி, ஈரம் ஏறாமல் மெழுகுத்தாளில் மடித்து வைத்தார். சத்தம் போட வேண்டிய அவசியமே வரவில்லை. ஆனாலும் ஒரு பூ மட்டும் எப்படியோ அட்டையில் ஒட்டிவிட்டது. ஒட்டியது நான். கோணலாக இருந்ததை வைத்துத்தான் கண்டுபிடித்து, அதை எடுத்துவிட்டு வேறு அட்டை வைத்தார்.

சனிக்கிழமை அவரோடு நானும் கடைக்குப் போனேன். இரண்டாம் வகுப்பு படிக்கும் ஜீவிதா டப்பாவை அப்படியே மேஜையில் கவிழ்த்தாள். தைல இலையைத் தலைகீழாக வைத்து, பாதி அட்டைக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்க ஒட்டினாள். பசை மேஜை விளிம்பு வரை ஓடியது. ராஜகுமாரி ஸ்டூலின் நுனிக்கு வந்துவிட்டார். புடவைத் தலைப்பை முறுக்கி முறுக்கி அவிழ்த்தார். கல்லாவில் இருந்து பவுல்ராஜ் பார்த்துக்கொண்டே இருந்தார்.

பெரணி இலை ஒட்டாமல் வழுக்கிக்கொண்டே போனது. ஜீவிதாவுக்குச் சலித்துவிட்டது. பசைக் குப்பியை ராஜகுமாரியிடம் நீட்டினாள்.

"ஆன்ட்டி, நீங்களே ஒட்டிக் குடுங்க."

வாங்கினால் போச்சு. ராஜகுமாரி குப்பியைப் பார்த்தார். இலையைப் பார்த்தார். வீங்கிய கைகள் இரண்டையும் தொடைக்கு அடியில் செருகி, அவற்றின் மேலேயே அழுந்த உட்கார்ந்துகொண்டார்.

"ஆன்ட்டிக்குக் கை ஒழியல கண்ணு" என்றார். "நீயே ஒட்டு."